சாயமும் ஆறும்

ஆற்றைக் காக்கச் சட்டம் ஒன்றே போதும் என்பார் பலர். அது பாதி உண்மையே என்பதற்குத் திருப்பூர் தக்க சான்றாகும்.

பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு மிகுதியும் வேண்டும். அவ்வுப்புத் துணியில் தங்காது கழிவுநீரோடு வெளியேறும். அந்நீர் நொய்யலாற்றிற் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. கழிவுநீர் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்துங்காறும் சாயப்பட்டறைகளை மூடுமாறு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணை பட்டறையை மூடவல்லது. திறக்கும் வழியைக் கற்பிக்கவல்லதன்று. அவ்வழியை முயற்சியே காட்டிற்று. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி நன்னீரை மீட்டனர். எஞ்சிய உப்புநீரையும் தூய்மை செய்து, மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தக் கற்றனர். அதனாற் புதிய உப்பின் தேவையும், உப்புநீரைக் காய்ச்சி வற்றச்செய்யும் எரிபொருளின் செலவும் குறைந்தன. சிறு பட்டறை தனித்து இதனை ஆற்றுதல் அரிது. ஆதலின் பலர் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துவாராயினர்.

இதனால் விளங்குவது யாது? இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அதனைத் தம் தொழிலுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் திறனை வாங்கவியலாது. ஆய்வார்க்கு ஊதியமும், பிழைத்த சோதனைக்குப் பொறுமையும், அண்டைப் பட்டறையோடு அறிவைப் பகிரும் மனமும் உடைய நிறுவனத்திலேயே அத்திறன் வளரும். அஃதில்லாதவிடத்து நன்னோக்கமும் வெறுஞ்சொல்லாய் முடியும்.

இறுதியில் எஞ்சும் உப்புக்கலவையை யாது செய்வது என்னும் வினா இன்னும் முற்றத் தீர்ந்திலது. நம் வேதியியல் மாணவர்காள், அவ்வினா உங்களை நோக்கியே நிற்கின்றது.