குண்டூசி யானை

துணிப் பொம்மை தைத்து விற்கும் நடுவட்டத்துச் சகோதரி ஒருவர், "சாமி, கடைப் பொம்மைகளைப் பார்த்தே தைக்கிறேன். புதிதாக ஒன்றும் தோன்றவில்லை, தொழிலை விட்டுவிடட்டுமா?" என்று நம்மிடம் கேட்டார். அவருக்குக் கூறியதையே வாசக அன்பர்களுக்கும் கூறுகிறோம்.

ஜெர்மனியின் கீங்கன் ஊரில், இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் முடங்கிய மார்கரெட்டே ஸ்டைஃப் (1847-1909) தையல் தொழில் செய்துவந்தார். 1880-இல், பத்திரிகையில் கண்ட மாதிரியைக் கொண்டு கம்பளித் துணியில் சிறு யானைகளைத் தைத்தார். அவை குண்டூசி செருகி வைப்பதற்கானவை. குழந்தைகளோ அவற்றை விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்டனர்! அதைக் கவனித்தே அவர் பொம்மைத் தொழிலில் இறங்கினார். அவர் சகோதரரின் மகன் ரிச்சர்டு, விலங்குக் காட்சிசாலையில் கரடிகளைப் பார்த்து வரைந்து, 1902-இல் கைகால் அசையும் கரடிப் பொம்மையை உருவாக்கினார்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நமக்குக் கீழே கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கலைஞர்கள், காட்டைக் கெடுக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளால் யானை உருவங்கள் செய்கின்றனர். அவர்கள் அறிந்த காட்டு யானைகளே மாதிரி. அவ்வுருவங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களை அலங்கரித்தன.

ஆகவே சகோதரி, பார்த்துத் தைத்துத் தொடங்கியது குறையன்று. அதோடு நின்றுவிடுவதே குறை. தேயிலைச் சரிவில் மேயும் காட்டெருமையையும், சோலையில் தாவும் கருமந்தியையும் உற்று நோக்குங்கள். தைத்த பொம்மையை முதலில் ஒரு குழந்தையின் கையில் கொடுத்து, அருகிருந்து பாருங்கள். அடுத்த பொம்மையை அக்குழந்தையே உங்களுக்குக் காட்டும்.