பொம்மனஹள்ளி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சில்க் போர்டைத் தாண்டி ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மனஹள்ளி, 2007இல்தான் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்தது. முன்பு கிராமமாக இருந்த அந்த ஊர் இன்று நடப்பதே பிழைக்க வந்தவர்களால்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்களும் வட மாநிலத்தவரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2016 ஏப்ரலில், பி.எஃப். பணத்தை 58 வயதுவரை முழுதாக எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து ஓசூர் சாலையை மறித்தவர்கள் இங்குள்ள கார்மென்ட்ஸ் பெண்கள். மத்திய அரசு அந்த விதியைக் கைவிட்டது. நாடெங்கும் உள்ள தொழிலாளிகளுக்குப் பலன் கிடைத்தது.

ஆனால் பிழைக்க வந்தவர்களால் நடக்கும் இதே நகரத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. 'டு லெட்' பலகை தொங்கும் வீட்டிலேயே, முகத்தைப் பார்த்ததும் "காலி இல்லை" என்கிறார்கள்.

இந்த வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2016 ஜனவரி 31 இரவு காட்டியது. ஹெசரகட்டா பக்கம் சூடான் நாட்டவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரம் கழித்து அந்த வழியே காரில் வந்த தான்சானிய மாணவிக்கும் விபத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கும்பல் அவரை அடித்தது, உடையைக் கிழித்தது, காரைக் கொளுத்தியது. தோலின் நிறம் ஒன்றே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

பெங்களூருத் தமிழருக்கு இது புரியாத வலியல்ல. காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் வெடித்த கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. யாரோ எடுத்த முடிவுக்கு, பேசும் மொழியை வைத்து அடி வாங்கியவர்கள் நாம்.

ஆப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களும் நம்மில் உண்டு. ஹைலே செலாசி மன்னர் காலத்தில் எத்தியோப்பியாவுக்கு இந்திய ஆசிரியர்கள் ஏராளமாகப் போனார்கள். மின்சாரம்கூட எட்டாத சிற்றூர்ப் பள்ளிகளிலும் பாடம் நடத்தினார்கள். ஒரே தட்டில் இஞ்செராவைப் பிய்த்துச் சேர்ந்து உண்பதும், வந்தவரை உட்காரவைத்துக் காப்பிக்கொட்டை வறுத்துக் கொடுப்பதும் அந்த மண்ணின் வழக்கம். புளித்த மாவில் ஊற்றும் அந்த இஞ்செரா நம் தோசைக்கு உறவுதான்.

ஆப்பிரிக்க முகம் என்றாலே அந்நியர் என்று நினைப்பதும் தவறு. எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் சித்திகள் கர்நாடகத்தின் சொந்த மக்கள். அவர்களில் ஒருவரான சாந்தாராம் சித்தி 2020இல் கர்நாடகச் சட்ட மேலவை உறுப்பினரானார்.

சட்டத்துக்குப் பயந்து தயங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பாருங்கள். குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியே தெரிவித்துவிடுங்கள். மற்றவர்களிடம் வாங்கும் அதே அட்வான்ஸ், அதே வாடகை வாங்குங்கள். பொம்மனஹள்ளியில் வீடு வைத்திருக்கும் தமிழர்களே, அந்தப் பிள்ளைகள் வந்து கேட்டால் கதவைத் திறந்து வீட்டைக் காட்டுங்கள்.