ஸ்லோ குக்கர் குறிப்பு உங்கள் வீட்டு அடுப்பில் ஓடுமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இண்டர்நெட் கனெக்ஷனும் வந்துவிட்டது. அடுத்து என்ன? முதல் வாரம் பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். இரண்டாவது வாரம் வீட்டில் யாராவது ஒருவர் சமையல் குறிப்பு தேட உட்காருவார். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான்.

நான் தேடியது பஞ்சு போல வெந்த ஆட்டுக்கறி ரோஸ்ட். கிடைத்தது ஸ்லோ குக்கரில் செய்யும் லேம்ப் ரோஸ்ட். காலையில் முழுத் தொடையை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். மாலையில் திறந்தால் எலும்பு தானாகக் கழன்று வரும். படத்தைப் பார்த்ததுமே பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்டில் கிடைக்கும் சமையல் குறிப்பும் ஒரு சாப்ட்வேர்தான். ஆனால் அதில் ஒரு முக்கியமான வரி இருக்காது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 வசதி எல்லாம் தேவை என்று மைக்ரோசாப்ட் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இதைத்தான் சிஸ்டம் ரெக்கொயர்மெண்ட்ஸ் என்கிறார்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர் அப்படிச் சொல்வதில்லை. தன் வீட்டு அடுப்பு, தன் ஊர் ஆடு, தன் ஊர் கரண்ட் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அது நம் வீட்டில் ஓடுமா என்று நாம்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காததால் எனக்கு ஒரு குக்கரும் ஒன்றரைக் கிலோ கறியும் நஷ்டம்.

அமெரிக்காவில் இருக்கும் தங்கை விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஸ்லோ குக்கர் கொண்டு வந்திருந்தாள். தட்டையான இரண்டு பின் உள்ள பிளக். அதற்கென்ன, கடையில் ஒரு பின் கன்வெர்ட்டர் வாங்கினேன். அவள் கொண்டு வந்த லேப்டாப் அதே கன்வெர்ட்டரில் நன்றாகவே சார்ஜ் ஆனது. அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை குக்கரையும் செருகினேன். மதியம் மாமா வீட்டிலிருந்து ஆறு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கருகிய வாசனை. உள்ளே இருந்த பீங்கான் சட்டி "டக்" என்று விரிந்தது. அடுத்த நொடி டிரிப் ஆகி வீடே இருண்டது. கம்ப்யூட்டரும் அணைந்துபோனது. "கரண்ட் பெட்டியில போய் எவனாவது கறி வைப்பானாடா?" என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை.

தப்பு எங்கே என்று பாருங்கள். உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதனால் அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். குக்கரின் அடியில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஹீட்டர் கம்பியில் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது, கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். 240 வாட் குக்கர் ஏறக்குறைய 900 வாட் அடுப்பாக மாறிவிட்டது. பின் கன்வெர்ட்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜைக் குறைக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டு வரும் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பழைய பிரிண்டர் எதுவாக இருந்தாலும் அடியில் உள்ள லேபிளைப் படிக்காமல் செருகாதீர்கள். எங்களுக்குச் சட்டியோடு போனது. வயர் தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சரி, குக்கர் போனது. குறிப்பு கையில் இருக்கிறதே என்று அடுத்த ஞாயிறு அதே குறிப்பைச் சாதாரணப் பாத்திரத்தில் செய்து பார்த்தேன். கறி ரப்பர் மாதிரி வந்தது. இந்தத் தடவை கரண்ட் மேல் பழி போட வழியில்லை.

முதல் சிக்கல் ஆட்டிலேயே இருந்தது. ஆங்கிலக் குறிப்பில் லேம்ப் என்றால் ஒரு வயதுக்குள் இருக்கும் செம்மறிக் குட்டி. கொழுப்பு இருக்கும், சீக்கிரம் வேகும். நம் ஊரில் மட்டன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளாடு. எங்கள் தர்மபுரி, சேலம் பக்கம் மேச்சேரி என்ற நல்ல செம்மறி இனமும் உண்டு, சேலம் கருப்பு என்ற வெள்ளாட்டு இனமும் உண்டு. வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு. மேய்ந்து நடந்து வளர்ந்த ஆடாக இருந்தால் நாரும் கெட்டியாக இருக்கும். கறிக்கடையில் பிரிண்ட் அவுட்டைக் காட்டி முழுத் தொடை கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். "அண்ணா, ரொம்ப நேரம் வேக வைக்கப் போறீங்கன்னா தொடை எதுக்கு? சப்பை வாங்குங்க" என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

ஏன் சரி என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தக் குறிப்பையும் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். கறியைக் கடினமாக்குவதில் பெரிய பங்கு கொலாஜன் என்ற இணைப்புத் திசுவுக்கு. அதிகம் வேலை செய்யும் தோள்பட்டையிலும் கால்களிலும் அது நிறைய இருக்கும். ஈரத்தோடு 70 டிகிரி செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் வைத்திருந்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கெட்டியாக உறைகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். கொலாஜன் கரைவதற்கு முன்பே கறியின் சதை நார்கள் சுருங்கி இறுகிவிடும். அதனால் அரைகுறையாக வெந்த கறிதான் ரப்பர். அதைக் கண்டு பயந்து அடுப்பை அணைத்துவிடக் கூடாது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் இளகிவிடும். நான் பயந்து அணைத்தவன்.

ஸ்லோ குக்கர் இதில் மந்திரம் எதுவும் செய்யவில்லை. அதில் லோ, ஹை என்று இரண்டு நிலை உண்டு. பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வந்து நிற்கும். ஹையில் சீக்கிரம் வரும், லோவில் மெதுவாக வரும், அவ்வளவுதான். நம் பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிர். ஆவியை அடைத்து வைப்பதால் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகும். எட்டு மணி நேர வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. எங்கள் அதியமான்கோட்டையில் பிரியும் சாலை பாலக்கோடு வழியாக ஒசூர் போகிறது. அங்கேதான் பிரஸ்டீஜ் குக்கர் தொழிற்சாலை இருக்கிறது. குக்கர் தயாராகும் இடத்துக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு நான் அமெரிக்கச் சட்டிக்கு ஆசைப்பட்டேன்!

ஸ்லோ குக்கரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 200 வாட் குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட், அது பெரிய செலவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் உதவியாகவும் இருக்கும். ஆனால் எட்டு மணி நேரம் தடையில்லாத கரண்ட் அதற்கு வேண்டும். 2012-ல் நாம் பட்ட மின்வெட்டு இப்போது இல்லை என்றாலும், பராமரிப்புப் பணிக்காகக் காலையிலேயே கரண்ட்டை நிறுத்தும் நாட்கள் உண்டு. கரண்ட் போய் வந்தால் திருகும் குமிழ் உள்ள குக்கர் தானாக மறுபடி ஓடும். டிஜிட்டல் பட்டன் உள்ள பல மாடல்கள் ஓடாது. சேவ் செய்யாத பைல் போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு அணைந்தபடி இருக்கும். கறி 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமிகள் பெருகும். வீட்டில் ஆள் இல்லாதபோது கரண்ட் போயிருந்தால், பார்க்க வெந்ததுபோல் இருந்தாலும் கொட்டிவிடுவதே நல்லது. பிரீசரில் இருந்து எடுத்த கட்டிக்கறியை நேராக ஸ்லோ குக்கரில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்று, ரோஸ்ட் என்ற பெயர். ஸ்லோ குக்கர் ரோஸ்ட் செய்யாது, வேக வைக்கும். கறி சிவந்து மணக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100-ஐத் தாண்டாது. அதனால்தான் வெளிநாட்டுக் குறிப்புகளில் கறியை முதலில் வாணலியில் சிவக்க வைத்துவிட்டு குக்கரில் போடச் சொல்கிறார்கள். நாம் சுக்கா வறுவலில் அதையே தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் வேக்காடு, பிறகு வறுவல்.

எங்கள் வீட்டில் கடைசியில் சரியாக வந்த முறை இது. ஒரு கிலோ சப்பைக்கறியை எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். (பப்பாளிக்காய் அரைத்துத் தடவுகிறவர்கள் அரை மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கறி மாவாகிவிடும்.) அடி கனமான பாத்திரத்தில் வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஒரு கொதி வந்ததும் அடுப்பில் பழைய தோசைக்கல்லை வைத்து அதன் மேல் பாத்திரத்தை ஏற்றி, தீயைச் சிம்மில் வையுங்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்டியால் அழுத்தினால் கறி பிரிய வேண்டும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, கடலை எண்ணெய், மிளகுத்தூள், கறிவேப்பிலை சேர்த்துச் சுண்ட வறுத்தால் களிக்கு அருமையாக இருக்கும். நேரம் இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 25 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து வறுத்துக்கொள்ளலாம்.

அளவுகளை மாற்ற வெளியே எங்கும் போக வேண்டாம். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, இடது மூலையில் உள்ள மூன்று கோடுகளைக் கிளிக் செய்தால் டெம்பரேச்சர், வெயிட் என்று கன்வெர்ட்டர்கள் வரும். 325 டிகிரி பாரன்ஹீட் என்றால் 163 செல்சியஸ், 4 பவுண்டு என்றால் 1.8 கிலோ என்று நொடியில் தெரியும். தேடும்போதும், ஏஐ-யிடம் கேட்கும்போதும் வெறும் "மட்டன் ரோஸ்ட்" என்று கேட்காதீர்கள். வெள்ளாடு, சப்பை, எலும்புடன் ஒரு கிலோ, கேஸ் அடுப்பு, மூடி உள்ள பாத்திரம் என்று உங்கள் வீட்டு நிலவரத்தை முழுதாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது வேறு யாருடைய வீட்டுக்கோ பதில் சொல்லும், அதுவும் ரொம்ப உறுதியாகச் சொல்லும்.

இந்த ஸ்லோ குக்கர் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன் என்ற இன்ஜினியர் 1936-ல் விண்ணப்பித்து 1940-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1970-ல் ரைவல் நிறுவனம் அவரது தொழிலை வாங்கி, மறுவருடம் கிராக்பாட் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. இந்த யோசனையை அவருக்குக் கொடுத்தது அவருடைய அம்மா சொன்ன கதை. லிதுவேனியாவில் வில்னியஸ் நகரத்து யூதர்கள் சனிக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார்கள். வெள்ளி மாலையே கறியும் பயறும் போட்ட சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "இதுல என்ன இருக்கு? உங்க பாட்டி ராத்திரி மண் அடுப்புல கங்கைச் சாம்பல் போட்டு மூடி, ஆட்டுக்கால் சட்டியை ஏத்தி வச்சுட்டுத் தூங்கப் போயிடுவாங்க. விடிஞ்சா பாயா" என்றார். எந்த சர்ச் இன்ஜினில் தேடினாலும் அந்தப் பாட்டியின் பாயா எனக்குக் கிடைக்காது. அன்றைக்கே தமிழ் 99 கீபோர்டை எனேபிள் செய்து, வேர்டில் ஒரு புதுப் பைல் திறந்தேன். எத்தனை மணி நேரம் வேக வேண்டும் என்று கேட்டால், "வெந்தா தெரியும்" என்பார் அம்மா. உப்பு எவ்வளவு? "உள்ளங்கைக் குழி அளவு." அப்படியே டைப் செய்து தங்கைக்கு மெயிலில் அனுப்பினேன்.

ஒருவர் உள்ளங்கைக் குழியும் இன்னொருவர் உள்ளங்கைக் குழியும் ஒன்றா, கிராமில் எவ்வளவு என்று பதில் கேட்டிருந்தாள். நியாயமான கேள்விதான். சமையலறைத் தராசை எடுத்து வந்து, அம்மாவை உப்பு அள்ளிப் போடச் சொன்னேன். மூன்று முறை போட்டார். 16, 17, 16 கிராம்.