இரும்பும் எண் கணக்கும்: எது அத்தாட்சி?



திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் ‘அல்ஹதீத்’, அதாவது இரும்பு. அதன் 25ஆம் வசனம், இரும்பை அல்லாஹ் இறக்கியதாகவும் அதில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் உள்ளதாகவும் கூறுகிறது. இதையொட்டி நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கணக்கு வலம் வருகிறது. அப்ஜத் முறைப்படி ‘ஹதீத்’ என்பதன் மதிப்பு 26. இரும்பின் அணு எண்ணும் 26. ஆகவே அற்புதம் என்பர்.

இதை நாம் ஏற்பதற்கில்லை. எழுத்துகளுக்கு எண் மதிப்பிட்டது மனித வழக்கம், வஹீ அன்று. பொன்னைக் குறிக்கும் ‘தஹப்’ என்ற சொல்லுக்கு இதே முறையில் 707 வருகிறது. பொன்னின் அணு எண்ணோ 79. ‘இறக்கினோம்’ என்ற சொல்லும் இரும்புக்கு மட்டும் உரியதன்று. ஆடையைப் பற்றியும் (7:26) கால்நடைகளைப் பற்றியும் (39:6) அவ்வாறே கூறப்பட்டுள்ளது. அவை இறைவனின் அருட்கொடைகள் என்பதே அதன் கருத்து.

அக்கொடையின் அருமையை அறிய, சேலத்தை அடுத்த கஞ்சமலையைப் பாருங்கள். அங்குள்ள காந்த இரும்புத்தாதுப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை. இத்தகைய பாறைகளின் பிறப்பை ஆய்வாளர்கள் பின்வருமாறு விளக்குகின்றனர்: அக்காலக் கடல்நீரில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. கடலடி வெந்நீர் ஊற்றுகள் உமிழ்ந்த இரும்பு, நீரில் கரைந்தே கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியிட, அவ்விரும்பு துருவாகி, சிலிக்காவுடன் மாறி மாறி அடுக்கடுக்காகப் படிந்தது. பின்னர் நிலத்தட்டுகள் மோதியபோது அவ்வடுக்குகள் பூமியின் ஆழத்திற்குள் அமிழ்ந்தன. கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் காந்தத்தாதும் படிகக்கல்லும் கலந்த வரிப்பாறைகளாயின. நெடுங்காலம் கழித்து மேலெழுந்து, மேல்மண் அரிக்கப்பட்டு மலையாக வெளிப்பட்டன.

நம் வீட்டு அரிவாள்மனைக்கும் பள்ளிவாசல் கூரைக் கம்பிக்கும் பின்னால் இத்தனை நெடிய ஏற்பாடு இருக்கிறது. பூமியில் சுற்றித் திரிந்து படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள் என்றே இறைமறை (29:20) நம்மை ஏவுகிறது.

பெற்றோரே, எண் கணக்கில் ஈமானைக் கட்டிய பிள்ளை, பொன்னின் எண்ணைப் பாடநூலில் கண்ட அன்றே தடுமாறும். அந்த ஐயம் கணக்கோடு நில்லாது; மார்க்கத்தையே தொட்டுவிடும். ஆகவே சரிபார்க்காத செய்தியைப் பகிர்வதைத் தவிர்ப்போம். விடுமுறையில் பிள்ளைகளைக் கஞ்சமலை அடிவாரத்திற்கு அழைத்துச் சென்று, வரியோடிய ஒரு கல்லைக் கையில் கொடுத்து, காந்தமொன்றை அதனருகே வைத்துக் காட்டுவோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.