எடைக்கல்லில் முத்திரை எங்கே?

அரிசிக்கடைக்காரர் தம் எடைக்கல்லைத் தாமே "சரியான கல்" என்றால் நாம் ஏற்பதில்லை. சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். நோயைக் கணித்துச் சொல்லும் கம்ப்யூட்டர்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்ட காலம் இது. அவற்றின் முத்திரை எங்கே?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள், தோழர்களே! செப்சிஸ் என்பது கிருமித் தொற்று முற்றி உடலுறுப்புகளையே வீழ்த்தும் கொடிய நோய். மருந்து தாமதமாகத் தாமதமாக ஆபத்து கூடும். அந்நோயை முன்கூட்டியே எச்சரிக்கும் கணிப்பு முறையொன்றை எபிக் என்ற கம்பெனி தயாரித்தது. நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றன. கணக்கிடும் வழியோ கம்பெனி இரகசியம். அதை நம்பலாம் என்பதற்கும் கம்பெனியின் சொல்லே சாட்சி!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளை வைத்துச் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் வந்து சேர்ந்த 38,455 தடவைகளில் செப்சிஸ் கண்டது 2,552. எந்திரம் பிடித்தது 843, கோட்டைவிட்டது 1,709! அந்த 1,709-லும் பாதிக்கு மேற்பட்டோருக்கு டாக்டர்கள் தாமாகவே உரிய காலத்தில் மருந்து கொடுத்திருந்தார்கள். எந்திரம் தூங்கிற்று, மனிதர் விழித்திருந்தார்! அது அபாயச் சங்கு ஊதியதோ 6,971 பேர் விஷயத்தில். நூறு முறை ஊதினால் பன்னிரண்டு முறைதான் மெய். ஆலைச் சங்கு இப்படி ஊதினால் எந்தத் தொழிலாளி எழுந்து ஓடுவான்? நர்சுகளும் மனிதர்கள்தாமே!

"நூற்றுக்கு இத்தனை சரி" என்று வியாபாரி அடுக்குவான், ஏமாறாதீர்கள். இங்கே நோய் கண்டவர் நூற்றுக்கு ஏழு பேர்தான். "யாருக்கும் நோயில்லை" என்று எழுதிய பலகையைச் சுவரில் மாட்டினாலும் அது நூற்றுக்கு 93 சரி! உயிருக்குப் போராடுகிறவர்களோ அந்த ஏழு பேர்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். நோய் கண்டவர் ஒருவர், காணாதவர் ஒருவர் - இருவரில் யாருக்கு ஆபத்து என்று எந்திரம் சரியாகப் பிரிக்கிறதா? காசைச் சுண்டினாலே நூற்றுக்கு 50 முறை சரியாகிவிடும். கம்பெனி சொன்ன கணக்கு 76 முதல் 83 வரை. மிச்சிகனில் கண்டது 63!

எந்திரத்தை வெறுப்பவர்களல்லர் நாம். 2022-ல் கம்பெனி அம்முறையைத் திருத்தியமைத்தது, நல்லதுதான். ஆனால் வெளியார் எண்ணிக் காட்டிய பிறகல்லவா அந்தத் திருத்தம்?

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும், எந்திரத்தை மாட்டுமுன் தன் நோயாளிகளின் ரிக்கார்டிலேயே சோதிக்கட்டும். விற்றவன் எண்ண வேண்டாம், வேறொருவர் எண்ணட்டும். பிடித்தது எத்தனை, விட்டது எத்தனை, பொய்ச்சங்கு எத்தனை என்று ஆண்டுதோறும் ஆஸ்பத்திரி வாசலிலேயே எழுதி ஒட்டட்டும்.