பூனை வாந்தி எடுப்பது சகஜமாம்! யார் சொன்னது?

"பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும்." பூனை வளர்க்கிற நாலு பேர் கூடினால் இந்த வசனம் வராமல் இருக்காது. கூடவே ஒரு துணை வசனமும் வரும்: "ஒண்ணுமில்ல, முடி உருண்டைதான்." இந்த இரண்டு வசனத்துக்கும் தடை போடலாம் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் நான் இரண்டு கையையும் தூக்குவேன். காரணம் இருக்கிறது.

முதலில் அந்த முடி உருண்டையைப் பார்ப்போம். பூனை நாள் முழுக்கத் தன்னைத்தானே நக்கிக்கொண்டிருக்கும் ஜீவன். முடி வயிற்றுக்குள் போவது தவிர்க்க முடியாதது. ஆனால் குடல் ஒழுங்காக வேலை செய்தால் அந்த முடி கீழே நகர்ந்து மலத்தோடு வெளியே போய்விடும். எப்போதாவது ஒருமுறை மேலே வந்தால் பரவாயில்லை. வாராவாரம் வந்தால்? அப்போது கேட்க வேண்டிய கேள்வி "ஏன் இவ்வளவு முடி?" என்பதல்ல, "குடல் ஏன் அதைக் கீழே தள்ளவில்லை?" என்பதுதான். நாமோ சாட்சியைக் குற்றவாளி ஆக்கிவிட்டு வழக்கை மூடிவிடுகிறோம்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை, ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் கேரி நார்ஸ்வொர்தி என்று ஒரு பூனை மருத்துவர். அவரும் சகாக்களும் 2008 முதல் 2012 வரை பார்த்த 100 பூனைகளைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியானது. நாள்பட்ட வாந்தி, வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு என்று வந்த பூனைகள் அவை. அல்ட்ராசவுண்டில் சிறுகுடல் சுவர் தடித்திருந்தது. குடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். 100-ல் 99 பூனைக்குச் சிறுகுடல் நோய்! அதிகம் இருந்தவை இரண்டு: ஒன்று நாள்பட்ட குடல் அழற்சி, இன்னொன்று லிம்ஃபோமா என்கிற புற்றுநோய்.

உடனே "அப்போ வாந்தி எடுக்கிற பூனைக்கெல்லாம் கேன்சரா?" என்று பதற வேண்டாம். இவை ஏற்கெனவே குடல் தடித்திருந்த பூனைகள். எல்லாப் பூனைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அடிக்கடி வாந்தியையும் எடைக் குறைவையும் பூனையின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

சரி, ஒருவழியாகப் பூனையை டாக்டரிடம் கொண்டுபோய்விட்டோம். அடுத்த கூத்து அங்கே ஆரம்பம். வயிற்றை ஒரு அழுத்து, "ஐ.பி.டி. மாதிரி இருக்கு" என்று ஒரு வார்த்தை, ஒரு ஸ்டீராய்டு ஊசி. முடிந்தது வைத்தியம். எல்லா டாக்டரும் இப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குறுக்குவழி உலகம் முழுக்க இருக்கிறது. என் சண்டை இதோடுதான்.

ஐ.பி.டி. என்பது பார்த்தவுடன் சொல்லக்கூடிய நோய் இல்லை. மற்றதெல்லாம் இல்லை என்று தள்ளிய பிறகு மிஞ்சுவது. முதலில் மலப் பரிசோதனை: குடற்புழு, ஜியார்டியா இருக்கிறதா? அடுத்து ரத்தம்: சிறுநீரகம் எப்படி, வயதான பூனையானால் தைராய்டு எப்படி? (தைராய்டு அதிகம் சுரந்தாலும் பூனை வாந்தி எடுக்கும், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைக்கும்.) பி12 அளவு குறைந்திருக்கிறதா? அப்புறம் உணவை மாற்றிப் பார்ப்பது. அல்ட்ராசவுண்ட். தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை. ஸ்டீராய்டு இதற்கெல்லாம் பிறகு. அதை முதலில் போடுவதில் மூன்று கெடுதல்.

ஒன்று: மருந்தே தேவைப்படாத பூனைக்கு மருந்து. நியூசிலாந்தில் கில்ஃபோர்டு என்பவரின் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட குடல் தொந்தரவுள்ள 55 பூனைகளில் 16-க்குப் பிரச்சினை உணவுதான் என்று உறுதியானது. புதுப் புரத உணவை இரண்டு வாரம் கறாராகக் கொடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கறாராக என்றால் கறாராக. நடுவில் பாசத்தோடு ஒரு துண்டு கருவாடு போட்டால் மொத்தச் சோதனையும் வீண்.

இரண்டு: ஸ்டீராய்டு அழற்சியையும் அடக்கும், மெதுவாக வளரும் லிம்ஃபோமாவையும் கொஞ்ச நாள் அடக்கும். "ஊசி போட்டதும் சரியாயிடுச்சே, அப்போ ஐ.பி.டி.தான்" என்பது எரிகிற அடுப்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு நெருப்பே இல்லை என்று சொல்வது மாதிரி. பிறகு திசு எடுத்தாலும் மருந்தின் வேலையால் படம் குழம்பியிருக்கும்.

மூன்று: பல வாரம் உடம்பில் தங்கும் ஊசியைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரையானால் அளவைக் குறைத்து நிறுத்தலாம். ஸ்டீராய்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வருவது தெரிந்த விஷயம்.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம். "திசு எடுத்தாலும் அழற்சியா லிம்ஃபோமாவா என்று நிபுணர்களே திணறுகிறார்களே?" உண்மை. எண்டோஸ்கோப்பி குழாய் குடலின் நடுப்பகுதிக்கு எட்டாது, ஆபரேஷன் செய்தால்தான் முழுச் சுவரும் கிடைக்கும். இந்த இரண்டு நோய்க்கும் நடுவில் கோடு போடுவது கஷ்டம், எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது என்பது 2023-ல் வந்த நிபுணர்களின் கூட்டு அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தே திணறும் விஷயத்தை வயிற்றை அழுத்திப் பார்த்து எப்படி முடிவு செய்தார்கள்? இந்த வாதம் என் பக்கம்தானே சாய்கிறது!

"கேன்சர்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" நிறைய ஆகப் போகிறது. மெதுவாக வளரும் வகையானால் ப்ரெட்னிசோலோனோடு குளோராம்புசில் என்ற மாத்திரையும் சேர்த்து வீட்டிலேயே கொடுக்கிறார்கள். இரண்டு வருஷமும் அதற்கு மேலும் நன்றாக வாழ்ந்த பூனைகள் ஏராளம். வேகமாக வளரும் வகையானால் கதையே வேறு, சிகிச்சையும் வேறு. பெயர் தெரியாமல் இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

"பணம்?" இதுதான் நேர்மையான கேள்வி. ஆபரேஷன் செலவு எல்லோராலும் தாங்க முடியாது. வயதான பூனைக்கு மயக்க மருந்தும் பயம்தான். அப்படி ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்வதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த முடிவைத் தெரிந்து எடுங்கள். பயாப்ஸி இல்லையென்றால் சீட்டில் "ஐ.பி.டி." என்று எழுதாமல் "சந்தேகம்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பூனை மறுபடி இளைக்கும்போது யாராவது யோசிப்பார்கள். "ஐ.பி.டி." என்று எழுதிவிட்டால் ஊசியின் அளவைத்தான் கூட்டுவார்கள்.

செலவே இல்லாத வேலையும் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். வாந்தி எடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் "கொஞ்சம் ஸ்லிம் ஆயிடுச்சு" என்கிறோம். 60 கிலோ மனிதர் காரணமே இல்லாமல் 6 கிலோ இளைத்தால் சும்மா இருப்போமா?

வலியைக் காட்டிக்கொள்ளாமல் மறைப்பதில் பூனை கில்லாடி. அது மறைக்கத் தெரியாமல் நம் கண் முன்னால் செய்வது இந்த ஒன்றைத்தான். அதையும் சகஜம் என்று துடைத்துவிட்டுப் போனால் பாவம், அது வேறு எப்படித்தான் சொல்லும்?