பியரும் விற்று, பொலிஸும் கூப்பிட்டு

கோல்ஃப் பணக்காரரின்ர விளையாட்டு, அதில சனம் கத்தினா எங்களுக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஒரு கூட்டம் குழம்பினால் குற்றம் யாருடையது என்ற கேள்வி எல்லா மைதானத்துக்கும் பொதுவானது. அதனால்தான் எழுதுகிறோம்.

2025 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் ரைடர் கிண்ணம் நடந்தது. ஐரோப்பா 15-13 என்று வென்றது. ஆனால் சனம் இன்னும் கதைக்கிறது அந்தப் புள்ளிகளைப் பற்றி இல்லை. ரோரி மக்கில்ரோய் போன இடமெல்லாம் அவரையும் குடும்பத்தையும் இழுத்துத் தூஷணம். எறியப்பட்ட குடிபானக் கோப்பை அவருடைய மனைவியின் தொப்பியில் பட்டது. மைக் பிடித்து நின்ற தொகுப்பாளரே தூஷணக் கோஷத்தில் சேர்ந்து, பிறகு மன்னிப்புக் கேட்டு விலகினார். மேலதிகப் பொலிசாரை இறக்க வேண்டி வந்தது.

உடனே பழைய பல்லவி: கோல்ஃப் கனவான்களின் விளையாட்டு, கண்டவனையும் உள்ள விட்டா இப்பிடித்தான்! இதை நாங்கள் முழுசா மறுக்கிறோம். அங்கே ஒரு நாள் டிக்கெட் ஏறத்தாழ 750 டொலர். கத்தினது வேலி பாய்ந்து வந்தவன் இல்லை, காசு கட்டி வந்தவன். கனவான் கதையின் லட்சணமும் தெரியும்தானே. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் ஒகஸ்டா கழகம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல். பெண்களைச் சேர்த்தது 2012இல். அமைதியா இருக்கிறது வேற, நியாயமா இருக்கிறது வேற.

ஆனாலும் ஒகஸ்டாவில் ஒன்றைக் கவனியுங்கோ. பார்வையாளர் கைபேசி கொண்டுபோகேலாது, ஓடேலாது. மீறினால் வெளியே. பியர் அங்கேயும் விற்கிறார்கள், அதுவும் மலிவாக. பெரும்பாலும் அதே அமெரிக்கச் சனம்தான் அங்கேயும் போகுது. ஆக, ஒழுங்கு சனத்தின்ர இரத்தத்தில இல்லை. நடத்துபவர் எதைப் பொறுத்துக்கொள்கிறார் என்பதில்தான் இருக்கு.

மறுபக்கம் பீனிக்ஸ் ஓப்பன். 16ஆவது குழியைச் சுற்றி ஸ்டேடியம் மாதிரி இருக்கைகள் கட்டி, கூச்சலையே விளம்பரமாக்கி விற்கிறார்கள். 2024 பெப்ரவரியில் நிலைமை கைமீறியதும் மதுவிற்பனையை நிறுத்தி, வாசலைப் பூட்டினார்கள். டிக்கெட் வாங்கியவர்களும் வெளியே நிற்கவேண்டி வந்தது. விற்கும்போது கொண்டாட்டம், கைமீறினால் சனத்தில பிழை. நல்ல வியாபாரம்.

பெத்பேஜிலும் இதே கதைதான். அமெரிக்க பிஜிஏயின் தலைவர், சிறுவர் கால்பந்தாட்டத்துக்குப் போனாலும் பிழையாக் கதைக்கிற ஆக்கள் இருப்பினம் என்ற மாதிரிச் சமாளித்தார். மன்னிப்பு பிறகுதான் வந்தது. இது திடீரென்று நடந்ததா? 1999இல் புரூக்லைனில் தன் மகன் கொலின் மொன்ட்கொமரி மேல் விழுந்த வசவைக் கேட்கேலாமல் தகப்பன் மைதானத்தை விட்டே போனார். 26 வருஷமாத் தெரிஞ்ச வருத்தம் இது.

வெறியில் கத்தினவனுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கேல்ல. அவனை முதல் தூஷணத்துக்கே வெளியேற்றுங்கோ. ஆனால் மைக்கையும் பியரையும் கையில குடுத்து, கல்லாவை நிரப்பினவர்களும் அதே கூண்டில் ஏறட்டும்.